கைக்கு எட்டாத விஞ்ஞானம்

மீன்பாடும் தேன்நாடு என்று போற்றப்படும் மட்டக்களப்பின் மற்றொரு பெருமை எருமைத் தயிர். பாலுக்கு உறையிட்டு, சூடும் நேரமும் அறிந்து காத்திருக்கும் படுவான்கரைத் தாய்மார், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வேலை வாங்கும் வித்தையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வருகின்றனர். விஞ்ஞானம் நொதித்தல் என்று அழைப்பது இதனையே.

இந்த வித்தையை உலகம் எங்கே கொண்டு சென்றுவிட்டது! 1973ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான கோஹனும் போயரும் மரபணுவை வெட்டி ஒட்டிப் பற்றீரியாவினுள் செலுத்திக் காட்டினர். 1978இல் அதே முறையால் பற்றீரியா மனித இன்சுலினை ஆக்கித் தந்தது. 1982இல் அது நீரிழிவு நோயாளர்க்கு மருந்தாயிற்று. ஐதராபாத்தின் சாந்தா நிறுவனம் 1997இல் ஈஸ்ற் எனும் மதுவத்தைக் கொண்டு ஈரல் அழற்சி 'பி' தடுப்பூசியைச் செய்து, எளியவர்க்கும் எட்டும் விலையில் விற்றது. அயல்நாட்டார் செய்தது நம்மவர்க்கு மட்டும் இயலாதா?

வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கல்விக்கூடம், விஞ்ஞானத்தையும் விவசாயத்தையும் முதற் பீடங்களாகக் கொண்டே எழுந்தது. வயலும் வாவியும் மந்தையும் சூழ்ந்த மண்ணுக்கு அது பொருத்தமே. ஆயினும், 2017இல் இம்மாவட்டத்துப் பட்டதாரிகள் காந்திப் பூங்காவில் வேலை கேட்டுச் சத்தியாக்கிரகம் இருந்ததை நாடு கண்டது. பட்டத்தைக் கொடுத்த சமுதாயம் அவர்தம் கைகளுக்குத் தொழிலைக் கொடுத்ததா?

வீச்சுவலை எறியும் கலையைக் கரும்பலகையில் கற்பித்தவர் எவருமில்லை. மரபணு மாற்றமும் அத்தகையதே. மாணவன் தானே மரபணுவை வெட்டிச் சேர்க்க வேண்டும். மாறிய நுண்ணுயிரைத் தானே தெரிந்தெடுக்க வேண்டும். நொதிகலத்தில் வெப்பம், அமிலத்தன்மை, ஒட்சிசன் ஆகியவற்றை இரவு பகலாகக் கவனிக்க வேண்டும். தூய்மை தவறி வேற்றுயிர் புகுந்தால் உழைப்பு முழுவதும் பாழாகும். அந்தத் தோல்வியும் பாடமே. வேலை முடிந்ததும் நுண்ணுயிர்களைக் கொன்ற பின்னரே கழிவை வெளியேற்றும் ஒழுங்கும் அவன் கையில் படிய வேண்டும். வாவியை நம்பி வாழும் மக்களுக்கு அவன் செலுத்தவேண்டிய கடன் அது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாகும் சிலருக்கு மட்டுமன்றி, உயிரியல் கற்கும் ஒவ்வொரு மாணவனுக்கும் இப்பயிற்சி கிடைக்க வேண்டும். நொதிகலமும், இரசாயனப் பொருள்களும், தடையற்ற மின்சாரமும் அரசின் பொறுப்பு. பால் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலை மாணவர்க்குத் திறந்துவிடுவது நமது பொறுப்பு.

தாயின் கை அறிந்ததை மகனின் கல்வி மறக்கலாகாது. வாழ்க கைத்திறன்! வளர்க விஞ்ஞானம்!