காரையைக் கரைக்கும் கைவைத்தியம் இல்லை

நீரிழிவுக்காக எங்களிடம் வருவோரைப் பாதத்தைக் காட்டச் சொல்வதுபோல் வாயையும் திறக்கச் சொல்கிறோம். பலருக்கு இது வியப்பளிக்கிறது. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம் கல்போல் ஒட்டியிருக்கும் பழுப்புக் காரையைச் சுட்டிக்காட்டினால், "உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், டாக்டர்" என்கிறார்கள்.

அந்தத் தேய்ப்பைத்தான் முதலில் நிறுத்தச் சொல்கிறோம். பல்லின்மேல் நாள்தோறும் படிவது, கிருமிகள் கூடி வாழும் பிசுபிசுப்பான படலம். அது மென்மையாக இருக்கும்வரை பிரஷ்ஷே போதும். பழகிய கையில் வேப்பங்குச்சியும் அவ்வேலையைச் செய்யும். முன்னோர் வழக்கத்தை நாங்கள் பழிக்கவில்லை. ஆனால், துலக்காமல் விடுபட்ட இடங்களில் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து, சில நாட்களிலேயே படலம் காரையாக இறுகத் தொடங்குகிறது. நாக்கின் அடியில் உமிழ்நீர் சுரந்து வருவதால் கீழ் முன்பற்களின் உட்புறத்தில் அது மிகுதி. இறுகிய காரையை எண்ணெய்க் கொப்பளிப்போ கிராம்போ சமையல் சோடாவோ பெயர்க்காது. அதைக் கரைக்கும் புளிப்பு பல்லையும் கரைக்கும். பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாற்றின் அளவோ 2 முதல் 3 வரை. அதன்மேல் உப்பை வைத்துத் தேய்த்தால் என்னவாகும்? இழந்த எனாமல் மீண்டும் வளராது.

வலி இல்லையே என்று காலந்தாழ்த்துவதே எங்களுக்குப் பெருங்கவலை. ஈறு நோய் பெரும்பாலும் வலியின்றியே பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை ஈற்றைக் கெடுக்கிறது; கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றுகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்றோருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஓரளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வாயைப் பாராமல் மாத்திரையின் அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போன தவறு மருத்துவர்களாகிய எங்களிடமும் உண்டு.

"ஸ்கேலிங் செய்தால் பல் ஆடிவிடும்" என்ற அச்சம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. எலும்பு ஏற்கெனவே தேய்ந்த பல்லைக் காரை இறுக்கிப் பிடித்திருந்தது; அதை அகற்றியதும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவே. சில நாட்கள் பல் கூசும், பின்னர் குறையும். ஈற்றில் ரத்தம் கசிகிறதென்று துலக்குவதை விட்டுவிடாதீர்கள். மென்மையான பிரஷ்ஷால் தொடருங்கள். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போரும், செயற்கை இதய வால்வு பொருத்தியோரும் பல் மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது.