நந்தனாருக்குத் தீ, கிந்தனாருக்கு ரயில்

நந்தனார் கதை கேட்டு உருகுகிறவர்களிடம் நாங்கள் கேட்கிறோம்: கோயிலுக்குள் போக அவர் ஏன் எரிய வேண்டியிருந்தது?

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்ன கதை. ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் நந்தனார். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தார். அவர் கொடுத்த தோல் உள்ளே போனது, அவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகியது, வாசல் திறக்கவில்லை. தில்லையில் தீயில் இறங்கிப் பூணூலோடு எழுந்த பிறகே அவருக்கு அனுமதி.

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி, சேக்கிழாரிடம் இல்லாத பிராமணப் பண்ணையாரைக் கதைக்குள் கொண்டுவந்தார். பண்ணையடிமைக் கொடுமை மேடையேறியது. ஆனால் முடிவு அதே தீதான். 1935இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராகப் பாடினார்கள். அழுதவர்களில் எத்தனை பேர் தங்கள் ஊர்க் கோயில் கதவைத் திறந்துவிட்டார்கள்?

1949இல் 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் அதே காலட்சேப வடிவத்தை எடுத்துக் 'கிந்தனார்' சொன்னார். கிந்தன் கோயிலைத் தேடவில்லை, படிப்பைத் தேடினான். ரயிலேறிப் பட்டணம் போனான், படித்து அதிகாரியாகத் திரும்பினான். பக்திக் கதையைக் கேலி செய்யலாமா என்று இன்றும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு மனிதனை எரித்துப் புனிதனாக்குவது மரியாதை, பள்ளிக்கு அனுப்புவது கேலியா? எங்களுக்குக் கிந்தனார்தான் பொறுப்பான கதை.

நம் ஊருக்கு வருவோம். 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்த மண்டப வாசலில் இளையராஜா நிறுத்தப்பட்டார் என்று சர்ச்சை எழுந்தது. அங்கே அர்ச்சகர்கள், ஜீயர்கள் தவிர யாருக்கும் அனுமதியில்லை என்று அறநிலையத் துறை விளக்கியது. வதந்தி என்று அவரும் மறுத்தார். அவர் பேச்சை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அர்ச்சகர்தான் உள்ளே போகலாம் என்றால், யார் அர்ச்சகராகலாம் என்ற கேள்வி வந்தே தீரும். அது சாதிக் கேள்வி.

கிந்தனார் கதையும் முழு விடை அல்ல. ஒருவன் அதிகாரியானால் சேரி மாறிவிடாது. படிக்கப் போகும் வழியிலும் அரிவாள் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நன்றாகப் படித்த நம் பிள்ளையை, உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தப் பிள்ளை பிழைத்து எழுந்து, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினான்.

தோழர்களே, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகத்தான் பொதிகை ரயில் சென்னைக்குப் போகிறது. ஏறுங்கள். போகிற கல்லூரியில், விடுதியில் ஒதுக்கினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் புகார் கொடுங்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் படித்து வையுங்கள், தனியாக நிற்காமல் சேர்ந்து நில்லுங்கள். நம் பிள்ளைகள் யாரும் எரிந்து தங்களை நிரூபிக்க வேண்டியதில்லை.