இது ஆரின்ரை குரல்?

டப்ளின் என்றவுடன் அயர்லாந்து என்று நினைத்து "அங்கை சரியான குளிரோ?" என்று கேட்கிறவர்கள் இப்பவும் இருக்கிறார்கள். இது கலிபோர்னியா டப்ளின். 580, 680 என்ற இரண்டு பெருந்தெருக்கள் சந்திக்கிற இடம். 1997இல் இருந்து பார்ட் ரயிலும் இங்கே வருகிறது. இப்படி இரைச்சல் ஓயாத ஊரில் இருந்துகொண்டு வீட்டில் பாட்டுப் பதிவு செய்யப் பழகினவன் நான். பழகினதை விடப் பிழைவிட்டதுதான் கனக்க.

போன கிழமை டெக்சாசில் இருக்கிற அக்காவின் மகன் போன் எடுத்தான்.

"மாமா, வீட்டிலை பாட்டு ரெக்கோர்ட் பண்ணப் போறன். என்ன மைக் வாங்கிறது? ஸ்டூடியோவிலை செய்தமாதிரி வரவேணும்."

மைக்கின் பெயரைச் சொல்லிவிட்டு போனை வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கடைசி வசனம் என்னைக் குழப்பிவிட்டது. நானும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பு என்னிடம் இருந்து பறித்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஊர்க் கதை. 1986இல் அண்ணா ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தார். கடிதத்தோடு கசற்றும் வரும். ஒரு பக்கம் முழுக்க அண்ணாவின் குரல். அம்மா அழுது முடிய, அப்பா அதே கசற்றில் அண்ணாவின் குரலுக்கு மேலேயே பதில் பேசி அனுப்புவார். புதுக் கசற் வாங்கக் காசு இல்லை. அண்ணாவும் அங்கே அப்படித்தான் செய்தார். ரேப் ரெக்கோடரில் பதிகிற தலைக்கு முன்னால் அழிக்கிற தலை ஒன்று இருக்கும். பழையதை அழித்துக்கொண்டேதான் புதியது பதியும். 1989இல் அப்பா போனபோது எங்களிடம் மிஞ்சினது அண்ணாவின் குரல் இருந்த கசற் மட்டும். அதற்குக் கீழே அப்பாவின் குரல் இருந்தது, இல்லை.

பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி அந்தக் கசற்றைக் கேட்போம். கை ஓய்ந்தால் அண்ணாவின் குரல் இழுபட்டு வேறு யாரோவாக மாறிவிடும்.

அகதியாக வந்து நான் குடியேறின இடமோ, ஒலிப்பதிவின் தலைநகர் மாதிரி. இரண்டாம் உலகப்போர் முடிய, ஜாக் மல்லின் என்ற அமெரிக்கர் ஜெர்மனியில் இருந்து மக்னெட்டோபோன் என்ற ரேப் மெஷின்களைக் கொண்டுவந்து 1946இல் சான் பிரான்சிஸ்கோவில் இயக்கிக் காட்டினார். அதைப் பார்த்து, குடாவின் மறுகரையில் இருந்த ஆம்பெக்ஸ் கம்பனி 1948இல் தன் முதல் மெஷினை வெளியே விட்டது. கீபோர்டையும் கொம்பியூட்டரையும் பேசவைத்த மிடியில் முக்கிய பங்கு சான் ஹோசேயில் வேலைசெய்த டேவ் ஸ்மித்துக்கு உண்டு. அது 1983. உலகமே பாவிக்கிற புரோ டூல்ஸ் 1991இல் வந்ததும் இந்தப் பக்கத்து டிஜிடிசைன் கம்பனியில் இருந்துதான். 1997இல் ஓட்டோ டியூன். அதைச் செய்த அண்டி ஹில்டபிரான்ட் அதற்கு முதல் நிலத்துக்குள் ஒலியனுப்பி எண்ணெய் தேடுகிற வேலையில் இருந்தவர்!

இவ்வளவும் சுற்றிவர இருக்க, எனக்கும் ஆசை வந்தது. நூறு டொலர் அளவில் ஒரு எஸ்எம்58 மைக். 1966இல் வந்த மொடல், இன்றைக்கும் மேடைமேடையாக நிற்கிறது. ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டி. ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருள். உடுப்பு அலுமாரிக்குள் கம்பளியைத் தொங்கவிட்டு அம்மாவை இருத்தினேன்.

அம்மா பாடினது தாலாட்டு. அம்மம்மாவிடம் கேட்டுப் பழகினது. தேவாரம் என்றால் புத்தகத்தில் இருக்கிறது. இது ஒரு புத்தகத்திலும் இல்லை. பதினொரு அடுக்கு. நடுவில் இருமினா, ஒருதரம் சிரித்தா, மூச்சு வாங்கினா. பின்னால் பிரிட்ஜின் முனகல்.

அந்த முனகல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. இரைச்சல் நீக்கி எப்படி வேலைசெய்கிறது என்றால், வெறும் இரைச்சல் மட்டும் இருக்கிற ஒரு துண்டை அதற்குக் காட்டவேண்டும். எந்தெந்த அலைவரிசையில் எவ்வளவு இரைச்சல் என்று அது படிக்கும். பிறகு அந்த அளவுக்குக் கீழே கிடக்கிற எல்லாவற்றையும் அமுக்கும். அதற்கு அம்மாவும் பிரிட்ஜும் ஒன்றுதான். அடியின் முடிவில் மெலிகிற குரல், மூச்சு, உதட்டுச் சத்தம் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் கிடக்கும். நான் ஒருதரம் விட்டேன், போதாதென்று இரண்டாந்தரமும் விட்டேன். இருமலை வெட்டினேன், சிரிப்பை வெட்டினேன். சுருதி விலகின இடங்களைத் திருத்தினேன். திருத்துகிற கருவி அளவாக விட்டால் நல்லதுதான். நான் இறுக்கிவிட்டேன். பன்னிரண்டு சுரப் படிகளில் ஒன்றில் குரலைக் கொண்டுபோய் நிறுத்தியது. எங்கட பாட்டு படிகளில் நிற்பதில்லை, படிகளுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு போவது. கமகம் என்பது அதுதானே. முடிவில் சேமிக்கும்போது, "இதே பெயரில் ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றவா?" என்று கேட்டது. ஓம் என்று அமத்தினேன்.

அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுவதையும் கேட்டா. பிறகு கேட்டா:

"இது ஆரின்ரை குரல் தம்பி?"

அம்மா பகிடி விடவில்லை. இது 2011 மார்கழியில். திருப்பிப் பாடச் சொல்லலாம் என்று ஒத்திப்போட்டேன். வேலை, பிள்ளைகள்... இப்ப அம்மாவுக்கு எண்பத்திநாலு. கேட்டால் பாடுவா. எட்டு அடுக்கு வரும். மற்ற மூன்றும் எங்கே என்று என்னைப் பார்ப்பா. அந்த மூன்றும் தண்ணிப் பீப்பாவுக்குள் இருந்து பாடுகிற ஒரு குரலில் என் கொம்பியூட்டரில் கிடக்கிறது. சில சொற்கள் விளங்கவில்லை.

அப்பா பழையதுக்கு மேலே பதிந்தார், அது வறுமை. நான் பதிந்ததுக்கு என்ன சாட்டு?

ஆகவே என் கருத்து இது. வீட்டில் பதிகிறவன் ஸ்டூடியோ மாதிரி வரவேண்டும் என்று ஆசைப்படக்கூடாது. ஸ்டூடியோ வேறொருவரின் காசுக்கும் நேரத்துக்கும் வேலைசெய்வது. எங்களுக்கு மேலே ஒருவரும் இல்லை. ஒரு புது வேலையைத் திறந்துபாருங்கள், கராஜ்பேண்ட் உங்களைக் கேட்காமலே நிமிடத்துக்கு 120 அடி, 4/4, சி மேஜர் என்று நிற்கும். எந்தத் தாய் அந்தக் கணக்கில் பிள்ளையை ஆட்டினவ?

"அப்ப குப்பையாகப் பதியச் சொல்லுறீங்களோ?" என்று கேட்பீர்கள். இல்லை. தொழிலைப் படிக்கத்தான் வேண்டும். பிரிட்ஜின் முனகலை மென்பொருளால் எடுக்காமல், பத்து நிமிடம் பிரிட்ஜை நிற்பாட்டிவிட்டுப் பதியவேண்டும் என்று தெரிவதுதான் தொழில். மைக்கைக் கிட்ட வைத்தால் அறையின் எதிரொலி குறையும், ஆனால் அடிக்குரல் கனக்கும். 24 பிட்டில் பதிந்தால் சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றத் தேவையில்லை, இடம் விட்டே பதியலாம். இவ்வளவும் படிப்பது எதை எடுப்பது என்று அறிய மட்டுமல்ல, எதை விடுவது என்று அறியவும்தான்.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் நியூ ஜெர்சி கோல்ட்ஸ் நெக்கில், தன் வீட்டில் நாலு தடக் கசற் மெஷின் ஒன்றில் சில பாட்டுகளை மாதிரிக்குப் பதிந்தார். பிறகு தன் குழுவோடு ஸ்டூடியோவில் திருப்பி வாசித்துப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் அந்தக் கசற்றே 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வெளிவந்தது. எல்லா வசதியும் இருந்தவரே வீட்டுச் சத்தத்தைத் தெரிவுசெய்தார் என்றால், எங்களுக்கு என்ன வெட்கம்?

மருமகனுக்கு நான் சொன்னது மூன்று விஷயம். ஒன்று, மூலப் பதிவைத் தொடாதே. அதற்கு இரண்டு பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வை, கைவைப்பதெல்லாம் மூன்றாம் பிரதியில். இரண்டு, திருத்தினதைப் பாடினவருக்கே முதலில் போட்டுக் காட்டு. அவருக்குத் தன் குரல் தெரியாவிட்டால் நீ பிழை விட்டிருக்கிறாய். மூன்று, மைக் வந்தவுடன் உன் பாட்டைப் பாடாதே. உன்ரை அம்மாவைக் கதிரையில் இருத்து. அம்மம்மா அவவைத்தான் முதலில் அந்தத் தாலாட்டில் நித்திரையாக்கினவ. அந்த மூன்று அடுக்கும் ஞாபகம் இருக்கோ என்று கேள். இருமினால் இருமட்டும்.

நேற்றுக் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். மைக் வியாழக்கிழமை வருகுதாம். அக்காவுக்கு ஒரு அடுக்கு ஞாபகம் வந்திட்டுதாம்.