தண்ணீர் தெரிந்தால் ஊர் ஆகிவிடுமா?

1900-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் அகாதமி ஒரு பரிசை அறிவித்தது. பூமிக்கு வெளியே உள்ள ஏதாவது ஒரு கோளோடு தொடர்புகொண்டு பதிலும் வாங்கிவிடுகிறவருக்கு ஒரு லட்சம் பிராங்க். கிளாரா குஸ்மான் என்ற சீமாட்டி தன் மகன் பியரின் பெயரால் எழுதிவைத்துவிட்டுப் போன பணம் அது. கூடவே ஒரு நிபந்தனையும் இருந்தது: செவ்வாயோடு பேசினால் பரிசு கிடையாது. செவ்வாயைப் பற்றித்தான் ஏற்கெனவே நிறையத் தெரியுமே, அதில் என்ன சாமர்த்தியம் என்பது அந்த அம்மையாரின் எண்ணம்.

இன்றைக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த நிபந்தனையை அன்று யாரும் பைத்தியக்காரத்தனமாக நினைக்கவில்லை. பாஸ்டன் பணக்காரர் பெர்சிவல் லோவல் 1894-இல் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் சொந்தச் செலவில் வானாய்வகம் கட்டினார். தொலைநோக்கி வழியாகச் செவ்வாயில் நேர்கோடுகளைப் பார்த்தார், வரைந்தார், புத்தகம் புத்தகமாக எழுதினார். துருவப் பனி உருகும் நீரை வறண்ட நடுப்பகுதிக்குக் கொண்டுபோக அறிவுள்ள உயிர்கள் வெட்டிய கால்வாய்கள் அவை என்றார். பத்திரிகைகள் விழுந்து விழுந்து எழுதின. டார்வினோடு ஒரே காலத்தில் இயற்கைத் தேர்வைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், 84 வயதில், 1907-இல் ஒரு சிறு நூல் எழுதி லோவலை மறுத்தார்: அவ்வளவு குளிரும் அவ்வளவு மெல்லிய காற்றும் உள்ள இடத்தில் திறந்த கால்வாயில் தண்ணீர் ஓடுவது நடவாத காரியம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கிழவர் சொன்னது சரி. 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்துபோன மரைனர்-4 கலம் அனுப்பிய 22 படங்களில் பள்ளங்கள்தான் இருந்தன. கால்வாய் ஒன்றுகூட இல்லை.

கால்வாய் போய்விட்டது. கால்வாயை நம்பவைத்த யோசனை மட்டும் போகவில்லை. தண்ணீர் இருக்கிறது, ஆகவே உயிர் இருக்கும், ஆகவே நாமும் போய் இருக்கலாம் என்ற மூன்று படி ஏணி அது. வேறொரு கோளில் ஈரம் தென்பட்டதாக அறிவிப்பு வரும் ஒவ்வொரு முறையும் உலகம் அந்த ஏணியில் தடதடவென்று ஏறிவிடுகிறது. முதல் படியிலிருந்து இரண்டாவது படிக்கே வழி கிடையாது என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

2015 செப்டம்பர் 28-ஐ எடுத்துக்கொள்ளலாம். செவ்வாய்ப் புதிர் ஒன்று விடுபட்டதாக முன்கூட்டியே ஆவலைக் கிளப்பிவிட்டு, நாசா செய்தியாளர்களைக் கூட்டியது. இன்றைய செவ்வாயில் திரவ நீர் ஓடுவதற்கான சான்று உறுதியாகிவிட்டது என்றது. மறுநாள் கூகுள் தன் முகப்பில், செவ்வாய்க் கோள் ஸ்ட்ரா போட்டுத் தண்ணீர் குடிக்கும் படத்தை வைத்தது. அதே வாரம் ‘தி மார்ஷியன்’ படம் திரைக்கு வந்தது. செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன் உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பிழைக்கிற கதை. பிறகென்ன, அடுத்த வீட்டுக் கிணற்றில் ஊற்று கண்டதுபோல ஒரே ஆரவாரம். அமெரிக்க வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பா ஒருபடி மேலே போய், இந்தக் கண்டுபிடிப்பைப் புவி வெப்பமாதல் பிரச்சாரத்தோடு முடிச்சுப் போட்டார்.

உண்மையில் என்ன கண்டார்கள்? செவ்வாயின் செங்குத்துச் சரிவுகளில் கோடைக்காலத்தில் கரிய கோடுகள் தோன்றிக் கீழே நீளும். குளிர் வந்தால் மங்கும். ஐந்து மீட்டருக்கும் குறைந்த அகலம், நூறு மீட்டர் போல நீளம். நேபாளத்தில் பிறந்த லுஜேந்திர ஓஜா, அரிசோனா பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவராக இருந்தபோது, சுற்றுக்கலத்தின் படங்களில் கவனித்தவை அவை. 2015 கட்டுரையில் அவரும் கூட்டாளிகளும் எழுதியது, அந்தக் கோடுகள் உள்ள நான்கு இடங்களில் நீர் ஏறிய பெர்குளோரேட் உப்புகளின் தடம் தெரிகிறது என்பது. ஓடும் தண்ணீரைக் கண்டதாக அதில் இல்லை. உப்பு ஈரமாக இருக்கிறது, ஆகவே உப்புக் கரைசல் கசிந்திருக்கலாம் என்ற அனுமானம்தான் இருந்தது. கட்டுரையில் ‘இருக்கலாம்’ என்று கிளம்பியது, செய்தியாளர் கூட்டத்தில் ‘உறுதி’ ஆகி, மறுநாள் காலைத் தாளில் ஆறாகப் பாய்ந்துவிட்டது.

இரண்டே ஆண்டுகள். 2017 நவம்பரில் காலின் டன்டாஸ் குழு பத்து இடங்களில் 151 கோடுகளை அளந்து பார்த்தது. ஏறக்குறைய எல்லாமே 27 பாகைக்கும் மேலான சரிவில்தான் இருக்கின்றன. சரியும் உலர்ந்த மணல் வந்து நிற்பதும் ஏறக்குறைய அந்தச் சாய்வில்தான். தண்ணீர் கசிந்து ஓடுவதானால், சாய்வு குறைந்த இடத்திலும் கொஞ்ச தூரமாவது நகர வேண்டும், இவை நகரவில்லை. மணல் சரிவே போதுமான விளக்கம் என்று முடித்தார்கள். 2018-இல் இன்னொரு குழு, பெர்குளோரேட்டைக் காட்டிய கருவியின் தரவைக் கையாண்ட விதத்திலேயே அப்படியொரு பொய்த்தடம் உண்டாகும் என்று காட்டியது. டன்டாஸ் வேலை செய்யும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கிளை இருப்பதும் லோவலின் அதே ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில்தான். கோடு போட்ட ஊரே கோட்டை அழித்தது. கூகுள் அதற்கு ஒரு படமும் போடவில்லை.

அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வதில் குறையில்லை. ஓஜா குழு செய்ததும் நல்ல வேலைதான். குறை, திருத்தம் வரும் வரை காத்திருக்கப் பிடிக்காத பரபரப்பில் இருக்கிறது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தக் கோடுகள் மெய்யாகவே உப்புக் கரைசலாக இருந்திருந்தாலும், கொண்டாடியவர்கள் நினைத்தது அங்கே இருந்திருக்காது.

செவ்வாயின் காற்றழுத்தம் சுமார் ஆறு மில்லிபார். பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அழுத்தத்தில் சுத்தமான தண்ணீர் உறைவதற்கும் கொதிப்பதற்கும் இடையே இடைவெளியே கிடையாது என்று சொல்லிவிடலாம். பனிக்கட்டி கொஞ்சம் சூடானால் நேரே ஆவியாகும். திரவமாகத் தங்க வேண்டுமானால் ஏராளமான உப்பு கரைந்திருக்க வேண்டும். அந்த உப்பு பெர்குளோரேட். மனிதருடைய தைராய்டு சுரப்பியைக் கெடுப்பது, ராக்கெட் எரிபொருளில் சேர்ப்பது. உப்பு அந்த அளவுக்கு ஏறினால், கரைசலில் உள்ள நீர் உயிர்களுக்குப் பயன்படாது. ஊறுகாயில் ஏன் பூஞ்சை பிடிப்பதில்லை என்று தெரிந்த எந்த வீட்டிலும் இதை விளக்கத் தேவையில்லை.

பூமியிலேயே சாட்சி இருக்கிறது. அண்டார்க்டிகாவில் டான் ஹுவான் குட்டை என்று ஒன்று. கால்சியம் குளோரைடு மிகுதியால் மைனஸ் 50 டிகிரியிலும் உறைவதில்லை. அங்கே உயிர் செழிப்பதாக இன்றுவரை ஐயமில்லாத சான்று கிடையாது. எத்தியோப்பியாவின் டல்லோலில் மஞ்சளும் பச்சையுமாகக் கொதிக்கும் அமிலக் குளங்கள். அங்குள்ள மிகக் கடுமையான குளங்களில் வாழும் உயிர் எதுவும் இல்லை என்று 2019-இல் ஒரு பிரெஞ்சு-ஸ்பானியக் குழு எழுதியது. நுண்ணுயிர்த் தடம் தெரிகிறது என்று வேறொரு குழு எழுதியதும் அதே ஆண்டில்தான். இந்தப் பூமியிலோ காற்றில், கடலில், பாறை இடுக்கில், வயிற்றுக்குள் என்று உயிர் புகாத இடம் அரிது. நுழைய ஒரு சந்து கிடைத்தால் போதும். அப்படிப்பட்ட இடத்தில், நாலாபுறமும் உயிர் சூழ்ந்த ஒரு குளத்தில் உயிர் உண்டா என்றே வழக்கு நடக்கிறது. இதில், நேற்று ஒரு நிறமாலையில் ஒரு வளைவு தெரிந்ததை வைத்து வேற்றுக் கோளில் உயிர் என்று எப்படிச் சொல்வது?

தண்ணீர் அபூர்வமான பொருள் என்ற நினைப்பும் இந்தத் தப்பெண்ணத்துக்கு உரம். பிரபஞ்சத்தில் மிகுதியான தனிமம் ஹைட்ரஜன், மூன்றாவது ஆக்சிஜன். இரண்டும் சேர்ந்தது தண்ணீர். அது எங்கும் இல்லாமல் போனால்தான் ஆச்சரியம். சூரியனுக்கு மிக அருகில், பகலில் 430 டிகிரி வேகும் புதன் கோளின் துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது; மெசஞ்சர் கலம் 2012-இல் உறுதிசெய்தது. வியாழனின் துணைக்கோள் யூரோப்பாவின் பனி ஓட்டுக்குக் கீழே பூமியின் கடல்களைப்போல இரு மடங்கு நீர் இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். நிலவில் 2009-இல் நீர்த்தடம் கண்டது மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1-இல் சென்ற நாசா கருவி. தமிழர்கள் பெருமைப்பட்டது நியாயமே. ஆனால் அந்த மேல்மண்ணை ஒரு டன் அள்ளிப் பிழிந்தால் தேறக்கூடியது அதிகபட்சம் ஒரு லிட்டர் என்ற கணக்கு தலைப்புச் செய்தி ஆகவில்லை.

செவ்வாயைப் பற்றி 2024 ஆகஸ்டில் வந்த செய்தி இன்னும் வேடிக்கை. இன்சைட் கலம் பதிவுசெய்த நில அதிர்வுகளை வைத்து, கோளைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாக நிரப்பும் அளவுக்குத் திரவ நீர் பாறை வெடிப்புகளில் இருக்கலாம் என்றது ஓர் ஆய்வு. ‘செவ்வாயில் பெருங்கடல்’ என்று போட்டார்கள். அந்தக் கடல் இருப்பது 11.5 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில். மனிதர் பூமியில் தோண்டிய மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா துளை. சுமார் இருபது ஆண்டு துளைத்து 12.26 கிலோமீட்டரில் கைவிட்டார்கள்.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே போனால் கதை இன்னும் மோசம். 2019 செப்டம்பரில் கே2-18பி என்ற கோளின் காற்றில் நீராவி கண்டதாக இரண்டு குழுக்கள் அறிவித்தன. வாழத்தகு மண்டலத்தில் நீராவி உள்ள முதல் கோள் என்பதால் ‘இரண்டாவது பூமி’ என்ற பட்டம் உடனே சூட்டப்பட்டது. பூமியைப்போல எட்டு மடங்குக்கும் மேல் நிறை, ஹைட்ரஜன் மண்டிய காற்று, 33 நாளில் ஒரு ஆண்டு. கால் வைக்கத் தரை உண்டா என்பதே தெரியாது. 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பார்த்தபோது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் தெளிவாகத் தெரிந்தன. நீராவி தெளிவாகத் தெரியவில்லை. முன்பு ஹப்பிள் தொலைநோக்கி பார்த்த அதே அகச்சிவப்பு அலைநீளத்தில் மீத்தேனும் ஒளியை விழுங்கும்; 2019-இல் நீராவி என்று கொண்டாடியது பெரும்பாலும் மீத்தேனாகவே இருந்திருக்கும். அந்தக் கோள் 124 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. நொடிக்கு 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர்-1 அந்தப் பக்கம் திரும்பினால் போய்ச் சேர 22 லட்சம் ஆண்டு ஆகும்.

குடியேற்றக் கனவு வெறும் அரட்டை, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று விட்டுவிடவும் முடியாது. திரும்பி வராத பயணமாகச் செவ்வாய்க்கு ஆள் அனுப்புவதாக 2012-இல் ஒரு டச்சுக்காரர் அறிவித்த மார்ஸ் ஒன் நிறுவனம், இரண்டு லட்சம் பேர் விண்ணப்பித்ததாகச் சொல்லிக்கொண்டது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் உண்டு. தண்ணீரை அங்குள்ள மண்ணைச் சூடாக்கி எடுத்துக்கொள்வார்களாம். எம்ஐடி மாணவர்கள் 2014-இல் அந்தத் திட்டத்தைக் கணக்கிட்டு, குடியேறிய 68-ஆம் நாள் அளவில் முதல் சாவு விழும் என்று காட்டினார்கள். தண்ணீர்ப் பற்றாக்குறையால் அல்ல, பயிர்கள் வெளிவிடும் ஆக்சிஜன் காற்றின் சமநிலையைக் கெடுப்பதால். 2019 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் ஆனது. விண்கலம் ஒன்றுகூடக் கிளம்பவில்லை.

தமிழ்நாட்டில் இந்தச் செய்திகளுக்கு இன்னொரு வகை வரவேற்பும் உண்டு. “இங்கே குழாயைத் திறந்தா காத்துதான் வருது, இவங்க அங்கே போய்த் தண்ணி தேடுறாங்க” என்ற நக்கல். கே2-18பி செய்தி வந்த 2019-இல் அதற்குக் காரணமும் இருந்தது; அந்த ஜூலையில்தான் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டரோடு சென்னை வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்தது. கோபம் நியாயம், ஆனால் அம்பு வேறு ஆள்மேல் பாய்கிறது. ஏரிகளைத் தூர்வாராமல் விட்டது வானியலாளர்கள் அல்ல. தவிரவும், இந்த நக்கலும் அந்த ஆரவாரமும் ஒரே தப்பெண்ணத்தின் இரு முகங்கள்தாம். வேற்றுக் கோளில் தேடும் தண்ணீர் மனிதனின் குடத்துக்கானது என்றே இரண்டு தரப்பும் நினைக்கின்றன.

அப்படியானால் ஏன் தேடுகிறார்கள்? அறிந்த உயிர்கள் அனைத்துக்கும் தண்ணீர் வேண்டும். ஆகவே எங்கே தேடத் தொடங்குவது என்று முடிவுசெய்ய அது நல்ல முதல் சல்லடை. தண்ணீரின் தடத்தைப் பின்தொடர்வது என்பதைப் பல ஆண்டுகள் நாசா தன் செவ்வாய்த் திட்டத்தின் கொள்கையாகவே வைத்திருந்தது. கொள்கை சரி. ஆனால் சல்லடையில் தங்கியதையெல்லாம் விளைச்சல் என்று பறையடித்ததில் நாசாவுக்கும் பங்கு உண்டு. 2015-இன் ‘புதிர் விடுபட்டது’ என்ற விளம்பரத்தை எழுதியது எந்தப் பத்திரிகையும் அல்ல.

விளைச்சல் எப்படி இருக்கும் என்று அறிய வேண்டுமானால் செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்துக்குப் போக வேண்டும். முன்னொரு காலத்தில் ஆற்றுநீர் வந்து சேர்ந்த அந்த இடத்தில், நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி 2024 ஜூலையில் ஒரு களிமண் பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. அதில் கரிமச் சேர்மங்கள் இருக்கின்றன. சிறுத்தைப் புள்ளி போன்ற வட்டங்களில் விவியனைட், கிரைகைட் என்ற இரும்புக் கனிமங்கள் இருக்கின்றன. பூமியில் இவற்றை நுண்ணுயிர்கள் உண்டாக்குவது உண்டு. உயிர் இல்லாமலும் இவை உண்டாகும். 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வு இதை ‘சாத்தியமான உயிர்த்தடம்’ என்று மட்டுமே சொன்னது. எது சரி என்று தீர்க்க மாதிரியைப் பூமியின் ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040 ஆகிவிடும் என்று 2024-இல் நாசாவே கைவிரித்தது. 2025-இல் வெள்ளை மாளிகை அதை நிறுத்திவிடலாம் என்று பட்ஜெட்டில் எழுதியது. தண்ணீர்ச் செய்திக்குக் கைதட்டியவர்களில் கால்வாசிப் பேராவது அந்த மாதிரி எப்போது வரும் என்று கேட்கட்டும்.