உள்ளதை இல்லையென்னும் கணனி

சென்ற மாதம் எமது அயலில் வாழும் அம்மையார் ஒருவர் இறுவட்டொன்றைக் கடதாசி உறையோடு கொண்டுவந்து எம்மிடம் தந்தார். காலஞ்சென்ற அவர் கணவர் திருவெம்பாவைக் காலத்திற் கோயிலில் ஓதிய பாடல்கள் அதிற் பதிவாகியிருந்தன. ஆட்டைத் திவசத்துக்கு முன்னர் கனடாவிலுள்ள மகனுக்குப் பிரதியொன்று அனுப்பவேண்டும் என்பது அவர் விருப்பம். வீட்டுக் கணனியோ, இறுவட்டு வாசிப்பான் என ஒன்று தன்னிடம் உண்டென்பதையே காட்டவில்லை. கடையொன்றிற் பழைய வாசிப்பானைக் கழற்றிப் புதியதைப் பூட்டினார்கள். பணம் போயிற்று, கணனி முன்போலவே மௌனஞ் சாதித்தது. முடிவில், "இறுவட்டுத்தான் பழுது, எறிந்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

எறியாமல் எம்மிடம் வந்தது நல்லதாயிற்று. வாசிப்பானையே காணாத கணனி இறுவட்டைக் கண்டது எங்ஙனம்? கதவைத் திறவாதவன், உள்ளே இருப்பவருக்கு நோய் என்று சொல்வது போன்றதன்றோ இது!

ஆதலின், நோய் எவ்விடத்தது என்பதையே முதலில் ஆராய்தல் வேண்டும். பொத்தானை அழுத்தத் தட்டு வெளியே வருகின்றது. எனவே வாசிப்பான் நலமாயுள்ளது என்று பலர் எண்ணுவர். தட்டு அசைவது மின்சாரம் வருகின்றது என்பதற்கு மட்டுமே சான்று. சாட்டா வகை வாசிப்பானில் மின்சாரத்துக்கு 15 முனைகள் கொண்ட அகன்ற இணைப்பும், செய்திக்கு 7 முனைகள் கொண்ட ஒடுங்கிய இணைப்பும் வெவ்வேறாக உள்ளன. ஒடுங்கியது தளர்ந்திருப்பின் தட்டு ஆடும். கணனிக்கு ஒன்றுந் தெரியாது. வெளியே பூட்டும் யூ.எஸ்.பி. வாசிப்பானாயின், இடையிற் பகிர்வுப் பெட்டி எதுவுமின்றிக் கணனியின் பின்புறத்தில் நேரே பூட்டிப் பார்க்க. சாதாரண யூ.எஸ்.பி. 2 துவாரம் தருவது 500 மில்லியம்பியர் மாத்திரமே. மோட்டாரும் லேசரும் ஒருங்கே இயங்க அது சிலவேளை போதாது.

கணனி எழும் தறுவாயில் எப் 2 அல்லது டிலீற் விசையை அழுத்தினாற் பயோஸ் எனும் பகுதி திறக்கும். (விசை கணனிக்குக் கணனி வேறுபடும்.) அங்கே வாசிப்பானின் பெயர் இருந்தால் கம்பியும் கருவியும் குற்றமற்றவை, குற்றம் வின்டோஸிலேயே உள்ளது. அம்மையாரின் கணனியில் அங்கே பெயர் இருந்தது. புதிய வாசிப்பானுக்குக் கொடுத்த காசு வீண் என்பது அப்பொழுதே விளங்கிற்று.

வின்டோஸின் சாதன முகாமையாளரைத் திறந்தோம். வாசிப்பானின் பெயரருகே மஞ்சள் முக்கோணமும், உள்ளே 39 என்ற பிழை எண்ணும் காணப்பட்டன. சிலர்க்கு 19, 31, 32, 41 ஆகியவையும் தோன்றலாம். பெயரை நீக்கிக் கணனியை மீள இயக்கினால் வின்டோஸ் தானே தேடி மீண்டும் பதிந்துகொள்ளும். பலருக்கு இதுவே போதும். எமக்குப் போதவில்லை.

காரணம் இது. இறுவட்டு எழுதும் மென்பொருள்கள் சில, வின்டோஸுக்கும் வாசிப்பானுக்கும் இடையே தம் காவலர்களை நிறுத்தி, அவர்கள் பெயரை றெஜிஸ்ற்றி எனும் பதிவேட்டில் எழுதிவிடும். மென்பொருளை அகற்றும்போது காவலர் போய்விடுவார். ஏட்டிற் பெயர் மட்டும் நிற்கும். இல்லாத காவலரைத் தேடிக் காணாத வின்டோஸ் வாயிலையே அடைத்துவிடும். மகனார் முன்னொருகால் அத்தகைய மென்பொருளொன்றை நிறுவிப் பின் நீக்கியிருந்தார்!

பதிவேட்டில் லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கொன்ட்ரோல் செற், கொன்ட்ரோல், கிளாஸ் என இறங்கிச் சென்றால் 4டி36இ965 என்று தொடங்கும் நீண்ட பெயரொன்று வரும். அங்குள்ள அப்பர் பில்ற்றர்ஸ், லோவர் பில்ற்றர்ஸ் எனும் இரண்டையும், அல்லது இருக்கின்ற ஒன்றை, நீக்கிக் கணனியை மீள இயக்கவேண்டும். மாணவர்களே, இங்கே அவசரம் ஆகாது. 965 இறுவட்டுக்குரியது, 967 என முடியும் அடுத்த எண்ணோ வன்தட்டுக்குரியது. அங்கும் அதே பெயருடைய பதிவொன்று உண்டு. அதனை அழித்தாற் கணனி எழும்பாமலே போகலாம். ஆகையால், தொடுமுன் அப்பகுதியைப் பிரதிசெய்து வேறிடத்தில் வைத்துவிடுக. வீட்டில் இப்பொழுதும் பயன்படும் எழுதும் மென்பொருள் இருப்பின் அதனை மறுபடி நிறுவவேண்டி வரலாம்.

மீள இயக்கியதும் வாசிப்பான் தோன்றிற்று. (வாசிப்பான் தெரிந்தும் டிவிடிப் படம் மட்டும் ஓடவில்லையெனிற் கவலை வேண்டா. 2012இல் வந்த வின்டோஸ் 8 முதல் அதற்கான வசதி உடன் வருவதில்லை, வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருள் போதும்.)

பாடல்கள் ஒவ்வொன்றாகக் கணனியில் இறங்கின. கடைசிப் பாடல் மாத்திரம் திக்கித் திக்கி நின்றது. இறுவட்டில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கியே எழுதப்படுமாதலால், கடைசிப் பாடல் விரல்கள் அதிகம் படும் ஓரத்தில் இருக்கும். மெல்லிய பருத்தித் துணியால், வட்டமாகத் தேய்க்காது, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தோம். மூன்றாம் முறையில் அதுவும் ஓடிற்று. அம்மையார் அதுவரை வாசற்படியிலேயே நின்றிருந்தார்.