பிரான்சில் பௌதிகம் பயிலச் செல்வோர்க்கு

பௌதிக வகுப்பைச் சேர்ந்த நண்பர் சிலர், பட்டம் பெற்றபின் பிரான்சு தேசத்துச் சர்வகலாசாலைகளிற் சேர்ந்து மேற்படிப்புப் பயில விரும்புகின்றனர். இரவு உணவுக்குப்பின் விடுதித் தாழ்வாரத்தில் நிகழும் பேச்செல்லாம் இப்பொழுது இதுவே. தமிழ் பயிலும் ஒருவன் இவ்விஷயத்தில் வாய் திறப்பதேன் என்று அவர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அவர்கள் தம் கணக்கிற் சேர்க்காது விட்ட பொருள் ஒன்றுண்டு. அது பௌதிகமன்று, பாஷை. அதைப்பற்றிச் சொல்ல எமக்கும் சிறிது உரிமையுண்டு.

"அங்கே இப்பொழுது ஆங்கிலத்திலேயே பாடஞ் சொல்லுகின்றனர், பிரெஞ்சு எதற்கு?" என்பது அவர்கள் கூற்று. இது பாதி உண்மை. பாரிசு-சாக்லே, கிரெனோபிள் முதலிய இடங்களில் அயல்நாட்டாரை உத்தேசித்து ஆங்கிலத்தில் நடைபெறும் மாஸ்டர் வகுப்புகள் உள என்பது மெய்யே. ஆனால் விரிவுரை ஒரு நாளில் சில மணி நேரமே. மற்றை நேரமெல்லாம் மாணவன் எம்மொழியில் வாழ்வான்? வீட்டுச் சொந்தக்காரர் கேட்கும் ஜாமீன் பத்திரம், பாங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதிக்காக அரசாங்க அலுவலகத்திலிருந்து வரும் கடிதம், ஆய்வுக்கூடத்தில் இயந்திரம் பழுதுற்றால் அதைச் சீர்செய்யும் தொழிலாளரின் பேச்சு ஆகிய இவை யாவும் பிரெஞ்சிலேயே நடப்பன.

இஃது இன்று தோன்றிய இடர் அன்று. 1924-ஆம் ஆண்டு டாக்கா சர்வகலாசாலையிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் பாரிசுக்குச் சென்றார். ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்து வெளியிட்ட கட்டுரையின் ஆசிரியர் அவர். கதிரியக்கம் பயில விரும்பி மேரி கியூரி அம்மையாரைக் கண்டபொழுது, அம்மையார் அன்புடன் பேசி, முதலில் நான்கு மாதம் பிரெஞ்சு பயின்று வருமாறு கூறினாராம். போஸுக்கோ பிரெஞ்சு முன்னமே தெரியும். அதைச் சொல்ல இடம் வாய்க்காமலே அவர் திரும்பினார். பின்னர் மோரிஸ் தெ பிராய் என்பாரது ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர் ஆராய்ச்சி பழகினார். இச்செய்தியைப் பலரும் வேடிக்கைக் கதையாகவே சொல்லுகின்றனர். எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. அத்துணைப் பேரறிஞரையும் அந்நாடு முதலிற் பாஷையைக் கொண்டே அளந்தது என்றால், நம் போன்றோர் நிலை யாதாம்?

நிற்க. படிப்பின் முறையையும் சிறிது ஆராய்வோம். மாஸ்டர் என்பது ஈராண்டுப் படிப்பு; ஆண்டுக்கு 60 கிரெடிட்டாக மொத்தம் 120. பேராசிரியர் விரிவுரை ஒருபுறமிருக்க, சிறு குழுவாக அமர்ந்து கணக்குகளைப் போட்டுப் பார்க்கும் பயிற்சி வகுப்பும், செய்முறை வகுப்பும் தனித்தனியே நடைபெறும். பயிற்சி வகுப்பில் மாணவனைக் கரும்பலகைக்கு அழைப்பதும் உண்டு. நம் மாணவர் பலர்க்கு உயிர் போவது இங்கேதான். சூத்திரத்தை ஒப்பிக்கும் திறமை நம்மிடம் நிறைய உண்டு. அச்சூத்திரம் எங்ஙனம் பிறந்ததெனக் காட்டச் சொன்னால் தொண்டை வறள்கிறது. அங்குத் தேர்வுத்தாளில் பெரும்பாலும் ஒரு நெடுங்கணக்கையே கொடுத்து, படிப்படியாக அதனை அவிழ்க்கச் சொல்வர். கைடு புத்தகம் அங்கே உதவாது.

மதிப்பெண் 20-க்கு இடப்படும். 10 பெற்றால் தேர்ச்சி, 12 பெற்றால் ஓரளவு நன்று, 14 நன்று, 16 மிக நன்று. இருபதுக்கு இருபது என்பது கண்காணாப் பொருள். மேலூரைக் கடந்து திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள எமதூராகிய கொட்டாம்பட்டியில், மகன் 13 வாங்கினான் என்று கேள்விப்படும் தகப்பனார் அன்றிரவு உறங்கமாட்டார். ஆகலின் புறப்படுமுன்னரே இக்கணக்கை வீட்டாருக்கு விளக்கிவிடுதல் நலம்.

இப்படிப்பின் உயிர்நிலை இரண்டாம் ஆண்டின் பிற்பகுதி. அப்பொழுது மாணவன் ஓர் ஆய்வுக்கூடத்தில் சில மாதங்கள் தங்கி மெய்யான ஆராய்ச்சியில் ஈடுபடவேண்டும். இதனை 'ஸ்தாஜ்' என்பர். இரண்டு மாதத்துக்கு மேற்பட்டதாயின் சட்டப்படி இதற்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். 1939-இல் நிறுவப்பெற்ற தேசிய விஞ்ஞான ஆராய்ச்சி நிலையத்தின் கூடங்கள் பல, சர்வகலாசாலைகளோடு இணைந்தே இயங்குகின்றன. கிரெனோபிள் நகரில் நியூட்ரான் ஆய்வுக்குரிய அணு உலையும், எக்ஸ் கதிர் பொழியும் சிங்க்ரோட்ரான் வளையமும் அண்டை வீட்டார்போல் அமைந்துள்ளன. 2022-இல் நோபல் பரிசு பெற்ற அலேன் ஆஸ்பே தமது புகழ்பெற்ற சோதனைகளைச் செய்தது ஓர்சேயில். இத்தகைய இடங்களில் ஒருவரது நன்மதிப்பைப் பெற்றவனுக்கு டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு வழி பிறக்கும். அதுவும் அங்கே சம்பளத்துடன் கூடிய மூன்றாண்டு வேலை ஒப்பந்தமாகவே பெரும்பாலும் அமையும். ஆனால் இந்த ஸ்தாஜை யாரும் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. மாணவனே கடிதம் எழுதி, நேரிற் கண்டு, தேடிக்கொள்ள வேண்டும். மதிய உணவின் பின் காப்பிக் கோப்பையுடன் நிற்கும் கூட்டத்தில் பாதிச் செய்தி பிறக்கிறது. அக்கூட்டம் ஒருவன் பொருட்டு ஐந்து நிமிஷம் ஆங்கிலம் பேசும். ஆறாம் நிமிஷம் தன் மொழிக்குத் திரும்பிவிடும். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாமும் அப்படித்தானே!

பணத்தைப்பற்றிச் சுருங்கச் சொல்வேன். 2019 முதல் ஐரோப்பியரல்லாதார்க்கு மாஸ்டர் படிப்பின் சம்பளம் ஆண்டுக்கு 3,770 யூரோ என்று உயர்த்தப்பட்டது. அவ்வாண்டில் ஐரோப்பியர் செலுத்தியதோ 243. பின்னரும் அது சிறிது சிறிதாக ஏறியுள்ளது. எனினும் பல சர்வகலாசாலைகள் இவ்வுயர்வை முழுதுமோ ஓரளவோ தள்ளுபடி செய்தமையால், விண்ணப்பிக்குமுன் இதனை விசாரித்தறிதல் இன்றியமையாதது. ஐஃபல், ஷார்பாக் என்னும் பெயர்களில் உபகாரச் சம்பளங்களும் உள. வீட்டு ஜாமீனுக்கு 'விசால்' என்னும் இலவச ஏற்பாடு உண்டு. எங்கள் பக்கத்தில் ஒருவன் கடல் கடக்கிறான் என்றால் நிலத்தின் பத்திரம் பாங்கிக்குச் செல்கிறது. ஆகவே இவை சிறு செய்திகள் அல்ல. மாணவர் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யச் சட்டம் இடந்தருகிறது. அதனை நம்பிக் கடன் வாங்குவதை மட்டும் நான் ஒப்பமாட்டேன். வேலை கொடுப்போரும் முதலிற் கேட்பது பிரெஞ்சே.

இன்னொரு மயக்கமும் உண்டு. பாரிசில் லா ஷாப்பெல் என்னும் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உள்ளன. இடியப்பமும் முருங்கைக்காயும் அங்கே கிடைக்கும். வாரம் ஒருமுறை அங்குச் செல்வது உடலுக்கும் உள்ளத்துக்கும் மருந்து. நாள்தோறும் செல்பவன் கொட்டாம்பட்டியை விட்டுப் புறப்படாதவனே ஆவான்.

இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர் நம் நாட்டுக்கு வந்து, பெரியவரான பின்னரே தமிழ் பயின்று, தேம்பாவணி பாடினார். 1732-இல் சதுரகராதி தொகுத்தார். நம் நண்பர்கள் காவியம் பாட வேண்டியதில்லை. ஆய்வுக்கூடத்தில் நடப்பதை விளங்கிக்கொண்டு மறுமொழி சொல்லத் தெரிந்தாற் போதும். அதற்கு ஓராண்டு உழைப்பு வேண்டும். கணக்கு எளிது: வகுப்புகள் செப்டம்பரில் தொடங்குகின்றன, விண்ணப்பங்கள் அதற்கு முந்திய குளிர்காலத்திலேயே செல்லவேண்டும், விசாவுக்கு முன் காம்பஸ் பிரான்சு என்னும் அமைப்பின் பேட்டியும் உண்டு. ஆகவே இறுதியாண்டில் விழிப்பவனுக்குக் காலம் போதாது. இரண்டாம் ஆண்டு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே முதற் பாடம் ஆரம்பமாக வேண்டும். புதுச்சேரியிலும் சென்னையிலும் அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள் நடைபெறுகின்றன. விடுமுறையில் அங்குச் சென்று பயிலலாம். மற்றை மாதங்களுக்கு நம் கல்லூரியிலேயே மாலையில் ஒரு மணி நேரம் பிரெஞ்சு வகுப்பொன்று ஏற்படுத்துமாறு பௌதிகச் சங்கத்தார் முதல்வர் அவர்களைக் கேட்பாராயின், விண்ணப்பத்தை எழுதித் தரும் பொறுப்பைத் தமிழ் வகுப்பார் ஏற்போம்.