முதல் பெண் எஃப்-14 விமானி காரா ஹல்ட்கிரீன்: எப்படி இறந்தார், ஏன் இன்னும் சர்ச்சை?

2025 ஜூலை 3ஆம் தேதி, விசாகப்பட்டினம் ஐ.என்.எஸ். டேகா தளத்தில் சப் லெப்டினன்ட் ஆஸ்தா பூனியா தங்கச் சிறகுச் சின்னம் பெற்றார். இந்தியக் கடற்படையின் போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண் அவர். வாழ்த்துகளுக்கு நடுவே, 'பொண்ணுங்கன்னா சலுகை கிடைச்சிருக்கும்' என்ற பேச்சும் இதுபோன்ற நேரங்களில் வழக்கமாக வரும். அந்தப் பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் புரிந்துகொள்ள, 1994இல் அமெரிக்காவில் நடந்த ஒரு பயிற்சி விபத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

யார் இந்த காரா?

காரா ஹல்ட்கிரீன் 1965இல் பிறந்தவர். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் விண்வெளிப் பொறியியல் படித்தார். விண்வெளி வீராங்கனை ஆவதுதான் ஆசை. அதற்குப் போர் விமானம் ஒரு வழி என்று கடற்படையில் சேர்ந்தார். ஆறடி உயரம் என்பதால் சக விமானிகள் வைத்த பட்டப்பெயர் 'ஹல்க்'. ஒருமுறை டிவி நிகழ்ச்சிக்கு மேக்கப் போட்டுக்கொண்டு போனதும் அது 'ரெவ்லான்' ஆகிவிட்டது.

அப்போது பெண்கள் போர்ப் பணியில் பறக்கத் தடை இருந்தது. 1993 ஏப்ரலில் பாதுகாப்புச் செயலாளர் லெஸ் ஆஸ்பின் அந்தத் தடையை நீக்கினார். காரா எஃப்-14 டாம்கேட் பயிற்சிக்குப் போனார். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கும் தேர்வில் முதல் முறை தேறவில்லை; 1994 கோடையில் இரண்டாவது முறை தேறினார். முதல் முறை தவறுவது ஆண் விமானிகளுக்கும் நடப்பதுதான். ஆனால் இந்த ஒரு தகவல் பின்னால் அவருக்கு எதிராகவே திரும்பியது.

அக்டோபர் 25 அன்று என்ன நடந்தது?

சான் டியேகோ கடற்கரைக்கு அப்பால், யு.எஸ்.எஸ். ஆபிரகாம் லிங்கன் கப்பலில் வழக்கமான பயிற்சி. இறங்குவதற்காகத் திரும்பும்போது காராவின் விமானம் ஓடுதளத்தின் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. சரிசெய்ய அவர் இடது ரடரை அழுத்தினார். விமானத்தின் மூக்கு பக்கவாட்டில் திரும்ப, இடது என்ஜினுக்குப் போகும் காற்றோட்டம் கலைந்து என்ஜின் திணறி நின்றது. இதைத்தான் 'கம்ப்ரசர் ஸ்டால்' என்பார்கள்.

எஃப்-14இல் ரெண்டு என்ஜினுக்கும் நடுவே இடைவெளி அதிகம். ஒன்று நின்று, மற்றொன்று முழு வேகத்தில் இழுத்தால் விமானம் ஒரு பக்கமாகச் சுழலும். உயரமும் வேகமும் இருந்தால் சமாளிக்கலாம். கப்பலை நெருங்கும் நேரத்தில் இரண்டுமே இல்லை.

விமானம் இடப்பக்கம் கவிழத் தொடங்கியதும், பின் இருக்கையில் இருந்த அதிகாரி இஜெக்‌ஷன் கைப்பிடியை இழுத்தார். இருவரும் மோதிக்கொள்ளாமல் இருக்கப் பின் இருக்கை முதலில் வெளியேறும், 0.4 விநாடி கழித்து விமானியின் இருக்கை. அவர் தப்பினார். அந்த 0.4 விநாடிக்குள் விமானம் இன்னும் கவிழ்ந்துவிட்டதால், காராவின் இருக்கை வானத்தை நோக்கி அல்ல, கடலை நோக்கிப் பாய்ந்தது. அவருக்கு 29 வயது. ஆயிரம் மீட்டருக்கும் கீழே, இருக்கையில் கட்டப்பட்ட நிலையில் உடல் கிடைக்க நவம்பர் 12 ஆகிவிட்டது.

இரண்டு அறிக்கைகள், இரண்டு பதில்கள்

உடல் கிடைப்பதற்கு முன்பே, 'தகுதி இல்லாதவரை அரசியலுக்காக ஏற்றிவிட்டார்கள்' என்ற தகவல் பெயரில்லாமல் ஊடகங்களுக்குப் போனது. காராவின் தாய் சாலி ஸ்பியர்ஸ் மகளின் பயிற்சி மதிப்பெண்களை வெளியிட்டார். வகுப்பில் ஏழு பேரில் அவர் மூன்றாவது இடம்.

1995 பிப்ரவரியில் கடற்படை வெளியிட்ட சட்ட விசாரணை அறிக்கை, என்ஜின் கோளாறையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. அதே சூழலை சிமுலேட்டரில் உருவாக்கி ஒன்பது விமானிகளை ஓட்டச் சொன்னதில், எட்டு பேரின் விமானம் விழுந்தது என்றும் கடற்படை கூறியது. சில வாரங்களில் இன்னொரு ரகசிய அறிக்கை கசிந்தது. அதில் விமானியின் தவறுகளும் இருந்தன.

அப்படின்னா கடற்படை பொய் சொன்னதா? அவ்வளவு எளிதான கேள்வி இல்லை இது. அமெரிக்கப் படைகளில் ஒரே விபத்துக்கு இரண்டு விசாரணை நடப்பது வழக்கம். ஒன்று சட்டத்துக்கானது; குடும்பத்துக்கும் மக்களுக்கும் கிடைக்கும். மற்றது பாதுகாப்புக்கானது, அடுத்த விபத்தைத் தடுப்பதே அதன் வேலை, அதில் சொல்வதை வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. அதனால்தான் எல்லோரும் மனம் திறந்து பேசுவார்கள். ஆனால் முதல் அறிக்கையை வெளியிட்டபோது விமானியின் பங்கை கடற்படை தாழ்த்திப் பேசியது; அதுதான் சந்தேகத்துக்குத் தீனி போட்டது. உண்மையில் தவறான திருப்பமும் நடந்தது, என்ஜினும் நின்றது. முதலாவது இரண்டாவதைத் தூண்டியது.

அந்த என்ஜினின் கதையும் இருக்கிறது. எஃப்-14ஏ ரகத்தில் இருந்த டி.எஃப்.30 என்ஜின், காற்றோட்டம் கலைந்தால் திணறுவதற்குப் பேர்போனது. 1980களிலேயே கடற்படைச் செயலாளர் ஜான் லேமன் இந்த விமானத்துக்கும் என்ஜினுக்கும் பொருத்தமே இல்லை என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார்.

ஒரு ஒப்பீடு. காரா இருந்த அதே ஸ்குவாட்ரனின் எஃப்-14 ஒன்று, 1996 ஜனவரியில் நாஷ்வில் நகரில் வீடுகள் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரும் தரையில் மூன்று பேரும் இறந்தனர். அந்த விமானி முந்தைய ஆண்டுதான் ஒரு எஃப்-14ஐக் கடலில் இழந்திருந்தார். விமானியின் தவறு என்றே விசாரணை முடிந்தது. ஆண்கள் போர் விமானம் ஓட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொரு எஃப்-14 பெண் விமானி கேரி லோரன்ஸ், காராவுக்குப் பின் வந்த சர்ச்சையில் 1995இல் பறக்கும் பணியிலிருந்து நீக்கப்பட்டார். தன்னைத் தகுதியற்றவர் என்று எழுதிய அமைப்பின் மீது அவதூறு வழக்குப் போட்டார். அவர் பொதுவெளி நபர் என்று கூறி, 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும், தளர்த்தினால் ஆபத்து தன் உயிருக்குத்தான் என்று காராவே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. 1994 நவம்பர் 21 அன்று ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய ஸ்குவாட்ரன் வேறு என்ஜின் பொருத்திய எஃப்-14டி ரகத்துக்கு மாறியது 1997இல்.